செகண்ட் ஹேண்ட் பிக்கப்ப மண்ரோட்டுக்கு ரெடி பண்றது: தேரி, கரிசல், உப்பளம் மூணுலயும் ஓட்டிப் பாத்தவன் சொல்றது

வண்டி கைக்கு வந்த முதல் வாரமே லைட் பார், விஞ்ச் (மோட்டார்ல கயித்தச் சுத்தி வண்டிய இழுக்கிறது), இரும்பு பம்பர், மேல டென்ட்டுன்னு ஒரு லிஸ்ட் மனசுல ஓட ஆரம்பிச்சிடும். எனக்கும் ஓடுச்சு. அதுல பாதிக்கு காசைக் கொட்டிட்டு முதல் தடவ மணல்ல இறக்கினா, ஐம்பது அடி தாண்டல, பின் வீல் பாதி புதைஞ்சு உக்காந்துட்டேன். பக்கத்துல பனங்காட்டுல வேலை பாத்துட்டு இருந்த ஒரு அண்ணாச்சி வந்து டயரைத் தட்டிப் பாத்துட்டு "காத்த இறக்கு தம்பி"ன்னார், அவ்வளவுதான், வண்டி வெளிய வந்துடுச்சு. அதனால இதுல ஃபேன்ஸி ஐட்டம் கம்மியாத்தான் இருக்கும், எதை முதல்ல பண்ணணும்ங்கிற வரிசைதான் முக்கியம்.

நம்ம தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு வசதி, ஒரு மணி நேரம் ஓட்டினா மூணு விதமான தரை கிடைக்கும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல், டவுன ஒட்டி உப்பளம். மூணும் வண்டிய மூணு விதமா கொல்லும்.

எந்த வண்டி

நான் வச்சிருக்கிறது இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், பழைய 2.5 லிட்டர் டீசல், அஞ்சு கியர் மேனுவல். 2016ல இந்தியாவுக்கு வந்த மாடல், செகண்ட் ஹேண்ட்ல இப்ப ஓரளவு கிடைக்குது. டாடா சீனான், மஹிந்திரா கெட்அவே மாதிரி பழசும் அங்கங்க இருக்கு, ஹைலக்ஸ் 2022லதான் வந்துச்சு, அதோட செகண்ட் ஹேண்ட் விலைக்கு நான் பேச வரல. எதுவா இருந்தாலும் கீழ சொல்றது பெரும்பாலும் பொருந்தும்.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க, வெளிய பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லாம் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. ஹை-லேண்டர்ங்கிறது டூ வீல் டிரைவ்தான். மஞ்சள் போர்டு வண்டியா வெள்ளை போர்டு வண்டியான்னு ஆர்சியில பாருங்க, லோன் பாக்கி கிடக்கான்னு அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கீழ படுங்க

பெயிண்ட்டப் பாத்து வாங்காதீங்க. வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போய் ராம்ப்ல ஏத்தி கீழருந்து பாருங்க, அதுக்கு சம்மதிக்காதவர்கிட்ட வண்டியே வேண்டாம். சேஸிஸ் ரெண்டு பக்கமும் முன்னாடி இருந்து பின்னாடி வரை கையால தடவிட்டே போங்க, ஒரு ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால தட்டுங்க, டங்குன்னு கேக்கணும், சொத்துன்னு கேட்டா உள்ள துரு. உப்பளத்துக்கோ மீன் லோடுக்கோ ஓடின வண்டின்னா பின் தொட்டி பார்க்க நல்லா இருக்கும், ஐஸ் பெட்டியில இருந்து ஒழுகின உப்புத்தண்ணி தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இறங்கி அங்க அரிச்சிருக்கும், டார்ச் அடிச்சாத்தான் தெரியும். புதுசா கருப்பு அண்டர் கோட்டிங் அடிச்சிருந்தா எனக்கு சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டினது ஞாபகம் இருக்கும், அதே மாசம் சென்னையிலயும் புயல் மழை, எத்தனை வண்டி தண்ணிக்குள்ள நின்னுச்சுன்னு கணக்கே கிடையாது, அதெல்லாம் துடைச்சு சுத்தம் பண்ணி எங்கயோ ஓடிட்டுத்தான் இருக்கு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, அடி நுனியில சேத்துக் கறை இருக்கான்னு பாருங்க. கார்பெட்ட தூக்கி மோந்து பாருங்க. டேஷ்போர்டுக்கு அடியில ஒரு கனெக்டரைப் பிடுங்கினா பச்சை பூத்திருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

இன்னொண்ணு, ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யுதான்னு ஓனர் சொல்றத நம்பாம மண் தரையில நீங்களே போட்டுப் பாக்கணும். நிறைய பேர் வாங்கினதுல இருந்து அந்த டயலத் தொட்டே இருக்க மாட்டாங்க, வருஷக்கணக்கா அசையாம கிடந்தா முன் வீல சேத்து விடுற ஆக்சுவேட்டர் இறுகிப் போயிடும். ஃபோர் ஹை (நாலு வீலும் சாதாரண வேகத்துல) போட்டதும் மீட்டர்ல லைட் மினுக்கிட்டே இருந்தா சரியா எங்கேஜ் ஆகலன்னு அர்த்தம். ஃபோர் லோ (நாலு வீலும் மெதுவா, அதிக இழுவையோட) போட வண்டிய நிறுத்தி, கிளட்ச்ச முழுசா மிதிச்சுப் போடுங்க, போட்டுட்டு முதல் கியர்ல விட்டா ஆக்சிலரேட்டர் மிதிக்காமலே எருமை மாடு நடக்குற மாதிரி போகணும்.

இதை தார் ரோட்டுல பண்ணிப் பாக்காதீங்க. இந்த மாதிரி பார்ட் டைம் சிஸ்டத்துல முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் (ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) கிடையாது, ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தும். ஆனா திருப்பத்துல முன் வீல் பின் வீல விட அதிக தூரம் போகணும். மண்ணுல டயர் கொஞ்சம் வழுக்கி அத சரிக்கட்டிடும், தார்ல வழுக்காது, முறுக்கு முழுசும் ஷாஃப்ட்லயும் டிரான்ஸ்ஃபர் கேஸ்லயும் (முன், பின் ஆக்சிலுக்கு சக்தியப் பிரிச்சு விடுற பெட்டி) ஏறும். மழை பெய்யுதுன்னு ஹைவேயில ஃபோர் ஹை போட்டு ஓட்டுறவங்கள நான் பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

வாங்கின உடனே: எண்ணெய் எல்லாம் கொட்டிடுங்க

"போன மாசம்தான் சர்வீஸ் விட்டேன்"ங்கிறத காதுல வாங்கிக்கிட்டு, எதுவும் பண்ணலன்னு நினைச்சு முதல்ல இருந்து ஆரம்பிங்க. எஞ்சின் ஆயில் எல்லாரும் மாத்துவாங்க, மறக்குறது மத்த நாலு. கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில் ஹவுசிங், பின் ஆக்சில் ஹவுசிங். ஒவ்வொண்ணையும் இறக்கும்போது ஒரு வெள்ளை டப்பாவுல பிடிச்சுப் பாருங்க. மோர் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு, டிரெயின் போல்ட்டு காந்தத்துல மெல்லிசா பசை மாதிரி ஒட்டியிருந்தா பரவால்ல, சில்லு சில்லா இரும்பு வந்தா பேரிங்கோ பல்லோ போகுதுன்னு அர்த்தம். வேணாம்னு தோணினா அப்பவே வித்துடலாம், ஒரு வருஷம் கழிச்சு தோணினா யோசிக்கணும். எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர்ங்கிறத மேனுவல்ல பாருங்க, கடைக்காரர் கையில எட்டுற டப்பாவ ஊத்தாதீங்க.

டீசல் ஃபில்டர மாத்துங்க, அதுக்கு அடியில தண்ணி இறக்குற திருகு இருக்கும், மழைக்காலத்துல அப்பப்ப திறந்து விடுங்க. ஏர் ஃபில்டர் தேரிப் பக்கம் ஓட்டுறவங்களுக்கு பெரிய விஷயம், அந்த செம்மண் தூசி மாவு மாதிரி இருக்கும். காத்து அடிச்சு சுத்தம் பண்றதுன்னா உள்பக்கத்துல இருந்து வெளிய அடிக்கணும், தூரத்துல இருந்து மெதுவா. பக்கத்துல வச்சு ஃபுல் பிரஷர்ல அடிச்சா பேப்பர் கிழியும், அந்த ஓட்டை வழியா போற தூசி டர்போவுக்கு விருந்து.

புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ்ல (மூட்டு) கிரீஸ் நிப்பிள் இருந்தா பழைய கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் கிரீஸ் அடிங்க. ஸ்பிரிங் பட்டை, புஷ், யூ போல்ட், ஷாக் ஒழுகுதா, பிரேக் ஹோஸ் வெடிச்சிருக்கா, ஸ்டெப்னி இறங்குதான்னு ஒரு சுத்து பாத்துடுங்க. ஸ்டெப்னி இறங்குறதுன்னு சும்மா சொல்லல, கீழ தொங்குற அந்த செயின் துருப்பிடிச்சு இறுகிப் போய், நடுக்காட்டுல பஞ்சர் ஆனப்புறம் சுத்தியல் தேடினவன் நான்.

இருநூறு ரூபாயில பண்ற நல்ல மாடிஃபிகேஷன்

எல்லாரும் ஸ்நார்க்கல்னு (எஞ்சினுக்கு காத்த உயரத்துல இருந்து எடுக்கிற குழாய்) கேப்பாங்க, நான் பிரீதர்னு சொல்வேன். ஆக்சில் ஹவுசிங் மேல ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். ஓடி ஓடி ஹவுசிங் சூடா இருக்கும்போது குளிர்ந்த ஓடைத் தண்ணியில இறக்கினா உள்ள இருக்குற காத்து சட்டுன்னு சுருங்கும், சுருங்கினா வெளிய இருக்கிறத உறிஞ்சும், பிரீதர் தண்ணிக்குள்ள மூழ்கியிருந்தாலோ அடைச்சிருந்தாலோ தண்ணி உள்ள போயிடும், இல்லன்னா ஆயில் சீல் வழியா போகும். எனக்குப் பின் ஹவுசிங் ஊஊன்னு ஊளையிட ஆரம்பிச்சதுக்கு இதுதான் காரணம், தப்பு என்னுதுதான், ஓடைய தாண்டிட்டு ஆறு மாசம் ஆயில திறந்தே பாக்கல.

ஆயிலுக்கு தாங்குற ரப்பர் ஹோஸ் ஒண்ணு வாங்கி பிரீதர்ல மாட்டி, சேஸிஸ் ஓரமா கொண்டு வந்து எஞ்சின் ரூம்ல உயரத்துல கட்டிடுங்க, நுனியில ஒரு சின்ன ஃபில்டர். வீல் மேலயும் கீழயும் ஆடும்போது இழுக்காத அளவு லூஸ் விடுங்க. உங்க வண்டியில கம்பெனியே நீட்டி விட்டிருக்கான்னு முதல்ல பாத்துக்குங்க. ஆழமான தண்ணியில போய்ட்டு வந்தா அடுத்த வாரமே ஃபில்லர் போல்ட்டைத் திறந்து ஆயில் நிறம் பாருங்க.

டயர்

பழைய வி-கிராஸ்ல வர்ற சைஸ் 245/70 ஆர் 16. "265/70 போடு, வண்டி தூக்கிடும்"னு டயர் கடையில சொல்வாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: 245ல 70 பர்சன்ட் 171.5 மிமீ, 265ல 185.5 மிமீ. உயரம் கூடுறது வெறும் 14 மிமீ. அதுக்கு பதிலா டயர் சுத்தளவு 3.7 பர்சன்ட் ஏறுது, மீட்டர் 100 காட்டும்போது நிஜத்துல 103க்கு மேல போவீங்க, இழுவை குறையும், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா மட்கார்டுல உரசலாம். ஒரு சுண்டு விரல் தடிமன் உயரத்துக்கு இத்தனை வம்பு வேணுமா? அதே சைஸ்ல நல்ல ஏடி டயர் (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போடுங்க, லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடைக்கான நம்பர்) கம்பெனி டயர விடக் குறையக் கூடாது, அது போதும். எம்டி டயர் (மட் டெரெய்ன், சேத்துக்குன்னே வர்றது) பாக்க கெத்தா இருக்கும், ஆனா நீங்க ஓட்டுறதுல முக்கால்வாசி தார் ரோடுதான், சத்தமும் ஈர ரோட்டுல வழுக்குறதும் தினமும் கூட வரும்.

காத்துதான் விஷயமே. தார் ரோட்டுக்கு கதவு ஓரம் ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அது. கல்லும் மண்ணுமா இருக்குற பாதைக்கு நான் 25, 26 பிஎஸ்ஐக்கு இறக்குவேன். தேரி மணலுக்கு 18, மாட்டிக்கிட்டா 15. அதுக்கும் கீழ போனா ரிம்ல இருந்து டயர் கழண்டுக்கும். காத்து குறைஞ்சா டயர் அகலமாகுறத விட நீளமா தரையில படியும், வெயிட்டு பரவும், மணல் அமுங்காது. திரும்ப தார் ஏறும்போது காத்து அடிச்சே ஆகணும், குறைஞ்ச காத்துல வேகமா போனா டயர் சூடாகி வெடிக்கும். அதனால கம்ப்ரசர் இல்லாம காத்த இறக்காதீங்க. பேட்டரியில நேரா கிளிப் மாட்டுற கம்ப்ரசரா வாங்குங்க, சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுறது இந்த சைஸ் டயருக்கு மூச்சு வாங்கும், ஃபியூஸும் போகும்.

ஆனா நம்ம ஊருல ஒரு சிக்கல் இருக்கு, சீமைக்கருவேலம். காத்து இறக்கின டயரோட பக்கச்சுவர் பிதுங்கி வெளிய நிக்கும், பாதை ஓரத்துல வெட்டிப் போட்ட முள்ளு நேரா அதுல ஏறும். நடு டிரெட்ல ஏறின முள்ளுக்கு பிளக் கிட் இருந்தா பத்து நிமிஷ வேலை, பக்கச்சுவர்ல ஏறினா பிளக் போட்டு ஓட்டக் கூடாது, ஸ்டெப்னிதான். அதனால வேலிக்காடு தாண்டி மணல் ஆரம்பிக்கிற இடத்துல இறக்குங்க, வீட்டுல இருந்தே இறக்கிட்டு வராதீங்க.

மாட்டினா வெளிய வர

இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஆள் சாகுற விஷயம் இது. பம்பருக்கு கீழ இருக்குற மெல்லிசு கொக்கி நிறைய வண்டியில லாரியில ஏத்திக் கட்டுறதுக்கு வச்சது, புதைஞ்ச வண்டிய இழுக்க இல்ல. டிரெய்லர் மாட்டுற உருண்டை கொண்டையில கயித்த மாட்டி இழுக்கவே கூடாது, அது ஒடிஞ்சா குண்டு மாதிரி பறந்து வந்து கண்ணாடி வழியா உள்ள வரும். சேஸிஸ்ல போல்ட் போட்ட சரியான ரெக்கவரி பாயிண்ட், 4.75 டன் ஷேக்கிள் (கயித்த மாட்டுற யூ வளையம்) ரெண்டு, லோடு எழுதியிருக்கிற ஸ்ட்ராப் ஒண்ணு. இழுவை கயிறும் ரப்பர் மாதிரி நீளுற கைனெடிக் கயிறும் வேற வேற, சாதா கயித்துல ஓடி வந்து வெட்டி இழுக்காதீங்க. இழுக்கும்போது கயித்து நடுவுல ஈரச் சாக்கு ஒண்ணு போடுங்க, அறுந்தா வேகம் குறையும், சுத்தி நிக்கிறவங்கள கயித்து நீளத்துக்கு ஒண்ணரை மடங்கு தள்ளி நிக்கச் சொல்லுங்க, வீடியோ எடுக்குற தம்பியையும் சேத்து.

அதுக்கு முன்னாடி மம்பட்டி. வீல் முன்னாடி மணல சரிவா வெட்டி விட்டு, அடியில தட்டியிருந்தா அதையும் தோண்டி, காத்த இறக்கி, ரிவர்ஸ்ல வந்த தடத்துலயே பின்னாடி போங்க, பத்துக்கு எட்டு தடவ இழுவையே தேவப்படாது. டிராக்‌ஷன் போர்டு (வீலுக்கு அடியில வைக்கிற பிடிமானப் பலகை) இருந்தா நல்லது, இல்லன்னா காஞ்ச பனை மட்டைய கருக்கை சீவிட்டு வீலுக்கு அடியில குறுக்க அடுக்குங்க, கருக்கோட போட்டா டயர பதம் பாத்துடும். ஜாக்கிக்கு அடியில வைக்க ஒரு கனமான பலகை எப்பவும் தொட்டியில கிடக்கணும், மணல்ல ஜாக்கி தான் மட்டும் உள்ள போகும், வண்டி மேல வராது.

விஞ்ச் பத்தி கேட்டா, தனியா எஸ்டேட் ரோட்டுல வேலை பாக்குறவங்களுக்கு சரி, மத்தவங்களுக்கு அந்தக் காசுல ரெண்டு செட் டயர் வாங்கலாம். தேரியில கட்டி இழுக்க மரம் பக்கத்துல இருக்கணுமே, இருக்கிறது பனை, அது யாரோ ஒருத்தரோட பொழப்பு.

வெயிட்டு, சஸ்பென்ஷன், கீழ தகடு

ஆர்சியில ரெண்டு எடை போட்டிருக்கும், வெறும் வண்டி எடை, மொத்த எடை. வித்தியாசம்தான் நீங்க ஏத்தலாம்ங்கிற அளவு, அதுல ஆளுங்களும் சேத்தி. இரும்பு பம்பர், விஞ்ச், கேனப்பி (தொட்டிக்கு மேல போடுற கூடு), ரெண்டாவது பேட்டரி, 20 லிட்டர் தண்ணி கேன் நாலு, நாலு பேருன்னு ஏத்திட்டு ஒரு தடவ எடை மேடைக்குப் போய் சீட்டு வாங்கிப் பாருங்க, நான் போய் பாத்துட்டு வந்துதான் ரூஃப் கேரியர கழட்டி வித்தேன். கனமானத தொட்டியில முன்னாடி, கேபின ஒட்டி, கீழ வைங்க. பின் கதவு ஓரத்துல கனம் வச்சு குழி ரோட்டுல வேகமா போனா பின் ஆக்சிலுக்குப் பின்னாடி லோடு துள்ளித் துள்ளி சேஸிஸயே வளைச்சிடும்.

லிஃப்ட் கிட் இப்போதைக்கு வேண்டாம். முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி பட்டை, தூக்கினா முன் ஆக்சில் ஜாயிண்ட் கோணம் மாறும், அத மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழியும், பிரேக் ஹோஸ் இழுக்கும், அலைன்மென்ட் பிடிக்காது. ஷாக்கும் புஷ்ஷும் புதுசா மாத்தினாலே பழைய வண்டி வேற வண்டி மாதிரி ஆகிடும். பட்டை தொஞ்சு போயிருந்தா பட்டறையில கொடுத்து செட் பண்ணுங்க, எப்பவுமே லோடோட ஓட்டுறவங்க மட்டும் ஒரு பட்டை கூட போடுங்க. காலி வண்டியில பட்டை சேத்தா பல்லு ஆடும்.

கீழ தகடு போடுறதா இருந்தா போல்ட்ல கழட்டுற மாதிரி போடுங்க, ஆயில் போல்ட்டுக்கு ஓட்டை விடுங்க. மண்ணு கழுவ வழி இல்லாம மூடின தகட்டுல கரிசல் போய் கெட்டியாகி செங்கல் மாதிரி உக்காந்துக்கும். சேஸிஸ்ல வெல்டிங்கும் டிரில்லும் வேண்டாம். வேற எங்க வெல்டிங் வச்சாலும் பேட்டரி ஒயர கழட்டிட்டு வைங்க, ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) போனா அழுது பிரயோஜனம் இல்ல.

சட்டமும் இதுல வருது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்ப நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. அதே வருஷத் திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு இருக்கு. இரும்பு பம்பர் கம்பிக்கு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை. ஃபைன விடுங்க, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பாக்குறது இதைத்தான்.

எங்க ஓட்டலாம், எப்படி ஓட்டணும்

தேரியில நிறைய பகுதி ரிசர்வ் ஃபாரஸ்ட். வல்லநாடு வெளிமான் சரணாலயம். கடற்கரையில ஜனவரிக்கு மேல ஆமை முட்டையிடும். இந்த இடத்துலல்லாம் பர்மிஷன் இல்லாம வண்டி ஏத்தாதீங்க. தெரிஞ்சவங்க பனங்காடு, தோட்டம், ஊர்ப் பொதுப் பாதைன்னு கேட்டுட்டு ஓட்டுங்க, உழுத காட்டுல தடம் போட்டா நானே கல்லால அடிப்பேன்.

மணலுக்கு இறங்குறதுக்கு முன்னாடியே ஃபோர் ஹை போடணும், மாட்டினப்புறம் இல்ல. ஒரே சீரான வேகம், நிறுத்தணும்னா இறக்கத்த பாத்து நிறுத்துங்க, வீல் சுத்த ஆரம்பிச்சா உடனே கால எடுங்க, மிதிக்க மிதிக்க குழிதான் ஆழமாகும்.

கரிசல் வேற கதை. காஞ்சா கல்லு, நனைஞ்சா கோந்து. ரெண்டு சுத்துல டிரெட்ல அப்பிக்கும், எந்த டயரா இருந்தாலும் மொட்ட டயர் ஆகிடும், மட்கார்டுக்குள்ள அடைச்சு வீலே சுத்தாம நின்னு பாத்திருக்கேன். அதுக்கு எந்த பார்ட்ஸும் கிடையாது, டீக்கடையில உக்காந்து ஒரு நாள் வெயில் அடிக்கட்டும்னு இருக்கிறதுதான் வழி, அந்த ஊர்க்காரங்க மாட்டு வண்டியவே இறக்க மாட்டாங்க.

ஓடைத் தண்ணின்னா முதல்ல ஆள் இறங்கி நடந்து பாருங்க. முழங்காலுக்கு மேல போய் இழுவையும் இருந்தா திரும்பிடுங்க. நடுவுல எஞ்சின் நின்னுட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இழுத்து வெளிய கொண்டு வந்து மெக்கானிக்க கூப்பிடுங்க.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த நாளே, உப்பளம் பக்கம் போனா அன்னைக்கு ராத்திரியே, நல்ல தண்ணியில அடிப்பக்கம் முழுக்க கழுவணும், சேஸிஸ் ஓட்டைக்குள்ளயும் பைப்ப விட்டு. காஞ்சதும் கிராஸ்க்கு கிரீஸ், ரெக்கவரி பாயிண்ட் போல்ட்டு, யூ போல்ட்டு, வீல் நட்டு எல்லாத்துக்கும் ஒரு ஸ்பேனர், ரேடியேட்டர் முன்னாடி ஒட்டியிருக்கிற புல்லு விதைய மெல்ல தட்டி எடுங்க. போல்ட்டு டைட் பண்ணதும் பெயிண்ட்டால நட்டுலயும் தகட்டுலயும் சேத்து ஒரு கோடு போட்டு வச்சுக்குங்க, அடுத்த தடவ கோடு விலகியிருந்தா நட்டு லூஸ், ஸ்பேனர் எடுக்காமலே தெரிஞ்சிடும்.